நேரியலற்ற சமன்பாடு எப்போது கைக்கு அகப்படும்?

ஆழம் குறைந்த நீரில் நகரும் அலைக்காக 1895-இல் கோர்ட்டேவெக்கும் டி வ்ரீஸும் எழுதிய சமன்பாட்டில் மூன்றே உறுப்புகள். நீரின் உயரத்தை உ என்றும் இடத்தை இ என்றும் காலத்தை கா என்றும் வைத்துக்கொண்டால், உ-வின் கால வகைக்கெழு முதல் உறுப்பு. உ-வை அதன் இட வகைக்கெழுவால் பெருக்கியது இரண்டாவது. உ-வின் மூன்றாம் இட வகைக்கெழு மூன்றாவது. மூன்றையும் கூட்டினால் பூஜ்யம். இப்போது நடு உறுப்பில் முன்னால் நிற்கும் உ-வை மட்டும் உ² ஆக்கினால் இன்னொரு சமன்பாடு, உ³ ஆக்கினால் மற்றொன்று.

வடிவம் குலையாமல் ஓடும் மணிவடிவத் தனியலை இந்த மூன்றுக்குமே உண்டு. அதை ஒரே வரிச் சூத்திரமாக எழுதிவிடலாம். வேறுபாடு, இரண்டு தனியலைகளை மோதவிடும்போதுதான் வெளிப்படும். முதல் இரண்டு சமன்பாடுகளில் அலைகள் ஒன்றையொன்று ஊடுருவிப் பழைய உயரத்தோடும் பழைய வேகத்தோடும் வெளியே வரும். மூன்றாவதில் மோதலுக்குப் பின் சிற்றலைகள் சிந்திக் கிடக்கும். உ⁴ வரை போனால், ஒழுங்கான தொடக்க நிலையிலிருந்தே தீர்வு குறித்த காலத்துக்குள் முடிவிலியாக வெடிக்கவும் கூடும் என்று மார்டெலும் மெர்லும் 2002-இல் நிறுவினார்கள்.

ஒரு சமன்பாட்டுக்கு அழகான சூத்திரத் தீர்வு ஒன்று கிடைப்பதும், அந்தச் சமன்பாடே தீர்க்கத்தக்கதாக இருப்பதும் வேறு வேறு என்பது இதிலிருந்தே தெரியும். முன்னது பெரும்பாலான சமன்பாடுகளுக்கு வாய்க்கும். பின்னது அரிது. அது வாய்த்திருக்கும் இடங்களைத் தோண்டிப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாவற்றிலும் அடியில் ஒரு நேரியல் சமன்பாடு ஒளிந்திருக்கும். ஆகவே தீர்க்க முடியுமா என்ற கேள்வியைவிட, நேரியல் எங்கே ஒளிந்திருக்கிறது என்ற கேள்வியே நம்மை வழி நடத்தும்.

நேரியல் சமன்பாட்டில் இரண்டு தீர்வுகளைக் கூட்டினால் மூன்றாவது தீர்வு. வெப்பச் சமன்பாட்டுக்குத் தொடக்க வெப்பநிலையைச் சைன் அலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே நகர்த்தி, திரும்பக் கூட்டுவது இந்த மேற்பொருந்துதலின் பலத்தில்தான். நேரியலற்றதில் கூட்டல் செல்லாது. உ × உ என்ற உறுப்பு இரண்டு தீர்வுகளையும் பெருக்கிப் புதிதாக ஒன்றை முளைக்கவிடும்.

மிக எளிய ஒளிவிடம், முதல் வரிசைச் சமன்பாடுகளில் இருக்கிறது. கால வகைக்கெழுவோடு உ × இட வகைக்கெழுவைக் கூட்டினால் பூஜ்யம் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியும் தன் உ-வின் மதிப்பையே வேகமாகக் கொண்டு நேர்கோட்டில் ஓடுகிறது என்பதே இதன் பொருள். தொடக்க வடிவம் தெரிந்தால், ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கோடு கிழித்துவிட்டால் போதும். மேல் பகுதி வேகமாகவும் கீழ்ப் பகுதி மெதுவாகவும் ஓடுவதால் முன்சரிவு நிமிர்ந்துகொண்டே போகும். செங்குத்தாகும் நேரத்தையும் துல்லியமாகச் சொல்லலாம்: தொடக்க வடிவத்தில் மிகச் செங்குத்தான இறக்கத்தின் சாய்வு எவ்வளவோ, அதன் தலைகீழ். தொடக்கம் சைன் அலை என்றால் மிகச் செங்குத்தான இறக்கம் −1; ஆகவே கா = 1-இல், இ = π என்ற இடத்தில் அலை உடையும்.

உடைந்த பிறகு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. ஒரே இடத்தில் மூன்று மதிப்பு என்று சூத்திரம் சொல்லும். அங்கே அதிர்ச்சி முகப்பு ஒன்றை, அதாவது மதிப்பு திடீரெனத் தாவும் ஓர் எல்லையை, நாமே பொருத்த வேண்டும். பலர் சறுக்குவது இதில்தான். முகப்பின் வேகம், எந்தக் கணியத்தின் மொத்தம் மாறாமல் பாதுகாக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. உ பாதுகாக்கப்படுகிறது என்றால் முகப்பின் வேகம் இருபக்க மதிப்புகளின் சராசரி. இடப்பக்கம் 1, வலப்பக்கம் 0 என்றால் 1/2. அதே சமன்பாட்டை உ-வால் பெருக்கி, உ²-இன் பாதிக்கான பாதுகாப்பு விதியாக எழுதினால் அதே முகப்புக்கு 2/3 வருகிறது. அலை வழவழப்பாக இருக்கும்வரை இரண்டு எழுத்துமுறையும் ஒன்றே. உடைந்ததும் இரண்டும் பிரிந்துவிடும். எது சரி என்பதை இயற்பியல்தான் சொல்லும். சாலைப் போக்குவரத்துக்கு இத்தகைய சமன்பாட்டை 1955-இல் லைட்ஹில்லும் விதமும் எழுதியபோது, வாகனங்களின் எண்ணிக்கை பாதுகாக்கப்படுகிறது என்பதே அந்த முடிவைச் செய்தது.

இதே சமன்பாட்டின் வலப்பக்கத்தில் ப என்ற பாகுநிலை எண்ணால் பெருக்கிய இரண்டாம் இட வகைக்கெழுவைச் சேர்த்தால் பர்கர்ஸ் சமன்பாடு. பார்வைக்குக் கடினம் கூடியிருக்கிறது, உண்மையில் குறைந்திருக்கிறது. 1950-இல் ஹாஃபும் 1951-இல் கோலும் தனித்தனியே காட்டிய மாற்றத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. நேரியலற்ற ஒன்று நேரியலாக மாறும் கணத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் உ-வை வேறொரு சார்பு ச-வின் இட வகைக்கெழுவாக எழுதி, சமன்பாடு முழுவதையும் ஒருமுறை தொகையிட வேண்டும். கிடைப்பது: ச-வின் கால வகைக்கெழு + இட வகைக்கெழுவின் வர்க்கத்தில் பாதி = ப × இரண்டாம் இட வகைக்கெழு. அடுத்து, வ என்ற புதிய சார்பைக் கொண்டு ச = −2ப × மடக்கை(வ) என்று வைக்க வேண்டும். இடப்பக்கத்தில் உள்ள வர்க்கம், 2ப² × (வ-வின் இட வகைக்கெழு ÷ வ)² ஆகிறது. வலப்பக்கத்தில் மடக்கையை இருமுறை வகையிடும்போது இரண்டு துண்டுகள் வரும். அவற்றில் ஒன்று அதே 2ப² × (வ-வின் இட வகைக்கெழு ÷ வ)². இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது வ-வுக்கான வெப்பச் சமன்பாடு மட்டுமே.

அடிபட்டுப் போவதற்கு −2ப என்ற எண்தான் காரணம். உ × இட வகைக்கெழு என்பது உ² × இட வகைக்கெழுவாக இருந்திருந்தால் எந்த எண்ணாலும் இது நடக்காது. இரண்டு, மூன்று பரிமாணங்களிலும் இதே வழி உண்டு. ஆனால் திசைவேகம் ஏதோ ஒரு சார்பின் சாய்வாக, அதாவது சுழிப்பு இல்லாததாக இருந்தால் மட்டும். வெளிவிசை சேர்ந்தால் வ-வின் சமன்பாடு நேரியலாகவே இருக்கும். ஆனால் குணகங்கள் மாறிகளாகிவிடுவதால் சூத்திரம் பெரும்பாலும் கிடைக்காது. நேரியலாக்குவதும் சூத்திரம் பெறுவதும் ஒரே வேலையல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல், சூத்திரத்தைக் கணினியில் போடும்போது வரும். வ-வின் தொடக்க மதிப்பு, உ-வின் தொகையீட்டை 2ப-வால் வகுத்து, e-யின் அடுக்கில் எதிர்க்குறியோடு ஏற்றியது. உ ஏறக்குறைய 1, நீளம் 10, ப = 0.001 என்றால் அடுக்கின் அளவு 5000 வரை போகும். 64 பிட் மிதவைப் புள்ளி எண்கள் e-யின் 709-ஆம் அடுக்குக்கு மேல் தாங்காது. −745-க்குக் கீழே பூஜ்யமாகிவிடும். ஆக உ-வுக்குப் பூஜ்யம் ÷ பூஜ்யம் என்ற விடைதான் வரும். எல்லா அடுக்குகளிலிருந்தும் மிகப்பெரியதை முதலில் கழித்துவிட்டு, பிறகு e-யை ஏற்றுவதே தீர்வு. மேலும் கீழும் வரும் பொதுக் காரணி தானே நீங்கிவிடும். ப சுருங்கச் சுருங்க அந்த மிகப்பெரிய அடுக்கு ஒன்றே மொத்தத்தையும் ஆளும் என்பதைப் பின்தொடர்ந்துதான், பாகுநிலை மறையும்போது எந்த அதிர்ச்சி முகப்பு மிஞ்சும் என்பதை ஹாஃப் நிறுவினார்.

கோர்ட்டேவெக்–டி வ்ரீஸ் சமன்பாட்டின் ஒளிவிடம் இவ்வளவு எளிதில் அகப்படவில்லை. 1965-இல் ஜபுஸ்கியும் குருஸ்கலும் கணினியில் அதை ஓட்டி, தனியலைகள் மோதியும் அழியாமல் வருவதைக் கண்டு அவற்றுக்குச் சாலிட்டான் என்று பெயரிட்டார்கள். அதன் பிறகு மியூரா ஒரு மாற்றம் கண்டுபிடித்தார்: உ² வடிவச் சமன்பாட்டின் தீர்வை எடுத்து, அதன் வர்க்கத்தோடு அதன் இட வகைக்கெழுவைத் தக்க குறிகளோடு கூட்டினால் உ வடிவச் சமன்பாட்டின் தீர்வு. வர்க்கமும் வகைக்கெழுவும் சேர்ந்து நிற்கும் இந்த அமைப்பு ரிக்காட்டி வகை. அதை மடக்கையின் வகைக்கெழுவாக எழுதினால் நேரியலாகும். பர்கர்ஸில் கைகொடுத்த அதே உத்திதான். வெளியே வந்தது குவாண்டம் இயற்பியலின் ஷ்ரோடிங்கர் சமன்பாடு. அலையின் உயரம் அதில் ஆற்றல் குழியாக அமர்ந்திருந்தது.

1967-இல் கார்ட்னர், கிரீன், குருஸ்கல், மியூரா நால்வரும் இதை முழு வழிமுறையாக்கினார்கள். தொடக்க அலையைக் குழியாகக் கருதி, அதில் கட்டுண்ட நிலைகள் (குழிக்குள் சிக்கி வெளியேற முடியாத நிலைகள்) எத்தனை, ஒவ்வொன்றின் ஆற்றல் என்ன, வெளியிலிருந்து வரும் அலையில் எவ்வளவு எதிரொளிக்கிறது என்று முதலில் கணக்கிட வேண்டும். அலை எப்படி உருமாறினாலும் கட்டுண்ட ஆற்றல்கள் நகர்வதில்லை. மற்றத் தரவுகள் எளிய அடுக்குச் சார்பாக நகர்கின்றன. வேண்டிய காலத்துக்கு அவற்றை நகர்த்தி, அந்தத் தரவைத் தரும் குழி எது என்று கெல்ஃபாண்ட்–லெவிட்டான்–மார்ச்சென்கோ தொகையீட்டுச் சமன்பாட்டின் வழியே திரும்பக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று படிகளும் நேரியல்.

எண்களோடு பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். நடு உறுப்பின் முன் 6 என்ற குணகம் வைத்து எழுதுவது வழக்கம். ஹைபர்போலிக் சீக்கன்டின் வர்க்கத்தை மணி(இ) என்று சுருக்கிக்கொள்வோம். அதன் உச்சி 1, கீழுள்ள பரப்பு 2. தொடக்க அலை 6 × மணி(இ) என்றால் கட்டுண்ட நிலைகள் இரண்டு. அவற்றின் எண்கள், அதாவது ஆற்றல் அளவுகளின் வர்க்கமூலங்கள், 2, 1. எதிரொளிப்பு சுத்தமாகப் பூஜ்யம். எண் ஒவ்வொன்றும் ஒரு சாலிட்டான்: உயரம் அதன் வர்க்கத்தின் 2 மடங்கு, வேகம் 4 மடங்கு, பரப்பு அந்த எண்ணின் 4 மடங்கு. ஆகவே உயரம் 8, வேகம் 16 உள்ள ஒன்றும், உயரம் 2, வேகம் 4 உள்ள மற்றொன்றும் பிரிந்து போகும். பரப்பைச் சரிபாருங்கள்: தொடக்கத்தில் 12, பிரிந்த பின் 8 + 4. ஒரு துளியும் மிச்சமில்லை. இந்த இரண்டும் மோதினால் வேகமானது மோதாதபோது இருக்கவேண்டிய இடத்தைவிட 0.549 முன்னே தள்ளப்படும், மெதுவானது 1.099 பின்னே. மோதல் நடந்ததற்கு இந்த இடப்பெயர்வு ஒன்றே சாட்சி.

இப்போது உயரத்தை 6-லிருந்து 4-ஆகக் குறையுங்கள். கட்டுண்ட நிலைகள் அப்போதும் இரண்டுதான்: 1.5616, 0.5616. சாலிட்டான்களின் உயரம் 4.877, 0.631. ஆனால் அவற்றின் பரப்பைக் கூட்டினால் 8.49, தொடக்க அலையிலோ 8 மட்டுமே. குறைவான 0.49, எதிர்ப் பரப்பாக, பின்னால் பரவித் தேயும் சிற்றலைகளில் இருக்கிறது. எதிரொளிப்பு பூஜ்யமாக இல்லாததால் அந்தச் சிற்றலைகளுக்கு முடிந்த சூத்திரம் இல்லை. தொகையீட்டுச் சமன்பாட்டை எண்முறையில்தான் தீர்க்க வேண்டும். அதே சமன்பாடு, அதே வழிமுறை. தொடக்க நிலையின் ஒரு குணகம் மாறியதும் சூத்திரம் கைநழுவுகிறது. ஆனாலும் எத்தனை சாலிட்டான், எவ்வளவு உயரம் என்பவை துல்லியமாகத் தெரிகின்றன. தீர்க்கத்தக்கது என்று துறையில் சொல்வது இந்தப் பொருளில்தான். குறியைத் திருப்பி −2 × மணி(இ) என்று தொடங்கினால் குழி மேடாகிவிடும். கட்டுண்ட நிலை இல்லை, சாலிட்டானும் இல்லை. தொடக்க அலை இருபக்கமும் விரைந்து பூஜ்யமாக வேண்டும் என்பதும் இந்த வழிமுறையின் நிபந்தனை. திரும்பத் திரும்ப வரும் அலைகளுக்குத் தீட்டா சார்புகள் கொண்ட தனிக் கோட்பாடு தேவைப்படுகிறது.

1968-இல் லாக்ஸ் இதன் எலும்புக்கூட்டைப் பிரித்துக் காட்டினார்: சார்புகளின் மேல் செயல்படும் ஒரு நேரியல் செயலி, அதை ஐகன் மதிப்புகள் (மேலே கட்டுண்ட ஆற்றல்களாக வந்தவை) மாறாமல் காலத்தில் நகர்த்தும் இன்னொரு செயலி, இரண்டும் பொருந்துவதற்கான நிபந்தனையே நேரியலற்ற சமன்பாடு. அப்படி ஒரு ஜோடி கிடைத்தால் வேலை ஏறக்குறைய முடிந்தது. காந்தப் பொருளில் வரிசையாக நிற்கும் தற்சுழற்சிகளின் (spin) சங்கிலிக்கான தொடர்வடிவச் சமன்பாட்டை மு. லட்சுமணன் 1977-இல் இப்படித்தான் பிடித்தார். தற்சுழற்சித் திசையை முப்பரிமாண வெளியில் நெளியும் ஒரு வளைகோட்டின் தொடுகோடாகக் கருதினால், அந்தக் கோட்டின் வளைவும் முறுக்கும் சேர்ந்து, முன்பே தீர்க்கப்பட்டிருந்த நேரியலற்ற ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை நிறைவு செய்யும். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பின்னர் அவர் வளர்த்த குழுவிலிருந்து இன்னொரு முக்கியமான திருத்தமும் வந்தது. சாலிட்டான் மோதலில் வடிவம் மாறாது என்பதைப் பலரும் இலக்கணம்போலச் சொல்லிவந்தார்கள். இரண்டு கூறுகள் பிணைந்த மனாகோவ் சமன்பாடு முழுக்கத் தீர்க்கத்தக்கது; ஆனாலும் அதில் சாலிட்டான்கள் மோதும்போது செறிவைக் கூறுகளுக்கிடையே மாற்றிப் பங்கிட்டுக்கொள்ள முடியும் என்று ராதாகிருஷ்ணன், லட்சுமணன், ஹியெட்டாரிந்தா மூவரும் 1997-இல் காட்டினார்கள்.

ஆனால் லாக்ஸ் ஜோடியைத் தேட உத்தரவாதமான முறை எதுவும் இல்லை. தேடத் தொடங்குமுன் செய்யக்கூடிய முன்சோதனை ஒன்று உண்டு. தீர்வைக் கலப்பெண் தளத்துக்கு நீட்டி, அது முடிவிலியாகும் இடங்களில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது. ஆப்லோவிட்ஸ், ரமானி, சிகர் மூவரின் ஊகத்தைத் தொடர்ந்து வெய்ஸ், டேபர், கார்னவாலே 1983-இல் இதைப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு நேரடியாகப் பொருத்தினார்கள். பெயர் பென்லவே சோதனை.

முதல் படி, முடிவிலியாகும் இடத்திலிருந்து உள்ள தூரத்தின் எந்த அடுக்கில் தீர்வு வெடிக்கிறது என்பது. தொடக்கத்தில் பார்த்த சமன்பாடுகளில் நடு உறுப்பையும் மூன்றாம் வகைக்கெழுவையும் சமன்படுத்தினால், உ-வுக்கு அடுக்கு −2, உ²-க்கு −1, உ³-க்கு −2/3. முதல் இரண்டும் முழு எண் அடுக்கில் வெடிக்கும் ஒழுங்கான துருவங்கள். மூன்றாவது பின்னம், அதாவது கிளைப் புள்ளி: அதைச் சுற்றி வந்தால் தீர்வு பழைய மதிப்புக்குத் திரும்பாது. மூன்றாவது சமன்பாட்டின் மோதலில் சிந்திய சிற்றலைகளுக்கு முன்னறிவிப்பு ஒரு வரிக் கணக்கிலேயே வந்துவிடுகிறது. துருவம் கிடைத்தால் அடுத்த படி: தொடரில் எந்த இடங்களில் தன்னிச்சைச் சார்பு நுழைய முடியும் என்று காண்பது. கோர்ட்டேவெக்–டி வ்ரீஸுக்கு அவை −1, 4, 6. கடைசிப் படி, 4-ஆம் 6-ஆம் இடங்களில் முன்பு கண்ட உறுப்புகள் தாமாகவே அடிபட்டுப் போகின்றனவா என்று சரிபார்ப்பது. போகாவிட்டால் தொடருக்குள் மடக்கை நுழைந்துவிடும். சமன்பாடு தேர்வில் தவறியது. இதை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. ஹாரி டிம் சமன்பாடு கிளைப் புள்ளிகளோடு வந்து இங்கே தோற்கும். மாறிகளை மாற்றி எழுதினால் தீர்க்கத்தக்கது என்று தெரியும்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் நேரே தீர்வு தேட இறங்குவது ஆய்வு மாணவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் நேரத்தை விழுங்குகிறது. டான்-ஹெச் முறை என்று பரவலாக அறியப்பட்டது இது: இடத்தையும் காலத்தையும் நகரும் ஒற்றை மாறியாக்கி, ரிக்காட்டிச் சமன்பாட்டின் தீர்வுகளைக் கொண்டு பல்லுறுப்புக்கோவை அமைத்து, குணகங்களை மென்பொருளிடம் கேட்பது. மென்பொருள் இருபது "புதிய தீர்வுகளை" அடுக்கும். அவற்றில் டான்-ஹெச் (tanh) ஒன்று, காட்-ஹெச் (coth) ஒன்று, பாதிக் கோணத்தின் டான்-ஹெச்சும் காட்-ஹெச்சும் கூட்டிப் பாதியாக்கியது ஒன்று என்றிருக்கும். கடைசியது காட்-ஹெச்சே, காட்-ஹெச், டான்-ஹெச்சைக் கலப்பெண் திசையில் நகர்த்தியதுதான். ரிக்காட்டிச் சமன்பாடு முதல் வரிசை. அதன் பொதுத் தீர்வில் ஒரே ஒரு மாறிலிதான் இருக்க முடியும். இருபதையும் அந்த மாறிலியின் மதிப்புகளாகப் படிக்க முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். குத்ரியாஷோவ் 2009-இல் இத்தகைய பிழைகளை ஏழு வகையாகத் தொகுத்து எழுதினார். அதன் பிறகும் அவை குறைந்தபாடில்லை.

தேர்வில் தவறிய சமன்பாட்டுக்குக் கிடைக்கும் தனித் தீர்வு பயனற்றது என்று இதற்குப் பொருளல்ல. நுண்துளைப் பொருளில் வாயு பரவும் சமன்பாட்டுக்கு பாரன்பிளாட் 1952-இல் கொடுத்த தன்னொப்புத் தீர்வை, அதாவது அளவு மாறினாலும் வடிவம் மாறாத தீர்வை, எடுத்துக்கொள்ளலாம். ஒரு பரிமாணத்தில், உ²-இன் இரண்டாம் வகைக்கெழு வரும் வகையில், அதன் விளிம்பு காலத்தின் 1/3 அடுக்கில் நகரும். எந்த வடிவில் வாயுவை ஊற்றினாலும், அளவு ஒன்றே என்றால், நாளடைவில் இதே வடிவத்துக்கு வந்து சேரும். மற்றத் தீர்வுகளைத் தன்பால் இழுக்கும் தீர்வு இது, அதனாலேயே மதிப்பு.

ஃபிஷர் சமன்பாட்டில் நிலைமை நேரெதிர். 1937-இல் ஃபிஷரும், அதே ஆண்டு கோல்மொகோரோவ், பெட்ரோவ்ஸ்கி, பிஸ்குனோவ் மூவரும், சாதகமான மரபணு ஒரு கூட்டத்தில் பரவுவதைப் பற்றி எழுதியது இது. பென்லவே சோதனையில் 6-ஆம் இடத்தில் தவறுகிறது. பரவும் முகப்பின் வேகம் 5/√6, அதாவது 2.041 என்றிருந்தால் மட்டும் அந்தத் தடை விலகும். அந்த வேகத்துக்கு ஒரு வரித் தீர்வை ஆப்லோவிட்ஸும் செப்பெட்டெல்லாவும் 1979-இல் எழுதிவிட்டார்கள். ஆனால் குறுகிய இடத்தில் தொடங்கும் பரவல் தேர்ந்தெடுப்பது 2 என்ற வேகத்தை. அதற்குச் சூத்திரம் இல்லை. 1983-இல் பிராம்சன் நிறுவியபடி முகப்பு 2கா-வை விட, கா-வின் இயல் மடக்கையின் ஒன்றரை மடங்கு பின்தங்கியே வரும்.

நிரலைச் சரிபார்க்க இந்த 2.041 தீர்வைப் பயன்படுத்துவோர் அதன் முன்வாலைக் கவனிக்க வேண்டும். அந்த வால் தூரத்தோடு 0.816 என்ற வீதத்தில் அடுக்குச் சார்பாகத் தேய்கிறது; அந்த மெதுவான தேய்வே 2.041 வேகத்தைத் தருகிறது. கணினியில் வாலை ஓரிடத்தில் பூஜ்யமாக வெட்டித் தொடங்கினால், முகப்பு சிறிது காலம் சரியான வேகத்தில் ஓடி, பிறகு 2-ஐ நோக்கி இறங்கும். நிரலில் பிழை தேடத் தொடங்குமுன் வலப்பக்க எல்லை நிபந்தனையில் சூத்திரத்தின் மதிப்பையே ஒவ்வொரு காலப்படியிலும் இட்டுப் பாருங்கள், வேகம் 2.041-இலேயே நின்றால் நிரல் சரி, வெட்டியது வால்தான்.